நிலைசார் தலைச்சுற்றல்: காரணமும் சிகிச்சையும்

படுக்கையில் புரளும்போதோ, பரண்மீதுள்ள பொருளை எடுக்க அண்ணாந்து பார்க்கும்போதோ, அறை முழுவதும் சுழல்வது போன்ற உணர்வு சிலருக்குத் திடீரென ஏற்படுகிறது. பெரும்பாலும் ஒரு நிமிடத்திற்குள் அது அடங்கிவிடும். இதனைப் பித்தம், இரத்தக் கொதிப்பு, கழுத்தெலும்புத் தேய்மானம் எனப் பலவாறாகக் கருதுவது வழக்கம். ஆயினும், தலையின் நிலை மாறும்போது தோன்றி விரைவில் மறையும் இத்தகைய சுழற்சிக்குப் பெரும்பாலும் உட்செவியே காரணமாகும்.

துகள்கள் இடம் பெயர்தல்

உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. அவற்றிலுள்ள திரவத்தின் அசைவைக் கொண்டே தலை திரும்புவதை மூளை அறிகிறது. அவற்றை அடுத்துள்ள யூட்ரிக்கிள் என்னும் பையில் கால்சியம் கார்பனேட்டாலான நுண்துகள்கள் ஒட்டியிருக்கின்றன. முதுமை, தலையில் அடிபடுதல் போன்றவற்றால் இத்துகள்கள் பெயர்ந்து குழலுக்குள் புகுவதுண்டு. அப்போது, தலை அசைவு நின்ற பின்னரும் துகள்கள் நகர்ந்து திரவத்தை அசைக்கின்றன. தலை சுழல்வதாகத் தவறான செய்தி மூளைக்குச் செல்கிறது. பின்புறக் குழலே மிகுதியாகப் பாதிக்கப்படுகிறது.

கண்டறிதலும் சிகிச்சையும்

1914ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பெற்ற ராபர்ட் பாரனி 1921இல் இந்நோயை விவரித்தார். 1952இல் டிக்ஸ், ஹால்பைக் ஆகியோர் இதற்கான சோதனையை வெளியிட்டனர். நோயாளியின் தலையை 45 பாகை ஒருபுறம் திருப்பி, விரைவாகப் படுக்க வைத்து, கண்மணிகளின் துடிப்பை மருத்துவர் கவனிப்பதே அச்சோதனை.

1992இல் ஜான் எப்ளி வெளியிட்ட சிகிச்சை முறையில், தலையும் உடலும் படிப்படியாகத் திருப்பப்பட்டு, ஒவ்வொரு நிலையிலும் சிறிது நேரம் நிறுத்தப்படுகின்றன. புவியீர்ப்பினால் துகள்கள் குழலிலிருந்து வெளியேறி யூட்ரிக்கிளை அடைகின்றன. ஓரிரு அமர்வுகளிலேயே பெரும்பாலோர் குணமடைகின்றனர். சிலருக்கு நோய் மீண்டும் வரலாம். மாத்திரைகள் குமட்டலைத் தற்காலிகமாகத் தணிக்குமேயன்றித் துகள்களை அகற்றா. அவற்றை நீண்டநாள் உட்கொண்டால் உறக்கக் கலக்கம் ஏற்பட்டு, முதியோர் விழும் வாய்ப்பு கூடும்.

எனினும், எல்லாத் தலைச்சுற்றலும் இவ்வகையன்று. பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கை கால் தளர்ச்சி, கடுந்தலைவலி, திடீர்ச் செவிட்டுத்தன்மை ஆகியவற்றுள் ஒன்று சேர்ந்து வரினும் உடனே மருத்துவமனையை நாட வேண்டும். கழுத்து, முதுகெலும்பு நோயுள்ளோர்க்கு இச்சோதனையையும் சிகிச்சையையும் மருத்துவரே தக்க எச்சரிக்கையுடன் செய்தல் வேண்டும்.

பொதுநலக் கோணம்

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 60 வயதைக் கடந்தோர் 10 கோடிக்கும் அதிகம். அவ்வயதில் ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், குடும்பத்தின் சேமிப்பே கரையக்கூடும். நிலைசார் தலைச்சுற்றலுக்கான சோதனைக்கும் சிகிச்சைக்கும் தேவையானவை ஒரு கட்டிலும் பயிற்சி பெற்ற கைகளுமே. 2010-11இல் தொடங்கப்பட்ட முதியோர் உடல்நலத் தேசியத் திட்டத்தின் வாயிலாக, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கு இப்பயிற்சியை அளிப்பது பெருஞ்செலவின்றிப் பெரும்பயன் தருவதாகும்.