கடற்கரையில் கிடந்த பழைய வேகக் காரை வீட்டிலேயே மீட்க முடியுமா? பாலீஷுக்கு முன்பு என்ன பார்க்க வேண்டும்?

கடல் பார்த்த வீடு. ஷெட்டில் தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு கார். வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர் "வந்து பார்த்துக்கலாம்" என்று விட்டுச் சென்று சில வருஷம் ஆகியிருக்கும். திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞம், கோவளம் பக்கம் இது புதிய காட்சி அல்ல. 2025 மே 2-ஆம் தேதி திறக்கப்பட்ட சரக்குத் துறைமுகத்தால் ஊரின் பெயர் இப்போது உலகத்துக்கே தெரியும். ஆனால் அங்கே வீசும் உப்புக் காற்று பழைய காற்றுதான்.

தார்ப்பாய்க்குள் இருப்பது 2000-ல் வந்த ஹோண்டா சிட்டி வி-டெக்காக இருக்கலாம். 1.5 லிட்டர் இன்ஜினில் 106 குதிரைத்திறன் தந்து அந்தக் கால இளைஞர்களைக் கிறங்கடித்த கார் அது. டர்போ இன்ஜின் கொண்ட ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ்ஸாகவோ, 2013-ல் வந்த ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐயாகவோ கூட இருக்கலாம். அதைக் கழுவி, பாலீஷ் போட்டு மறுபடியும் ரோட்டில் இறக்கும் ஆசை உங்களுக்கு இருந்தால், ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கடலோரக் காரில் பளபளப்பு கடைசி வேலை. அதை முதலில் செய்தால் காசும் போகும், சில நேரம் உயிருக்கும் ஆபத்து.

கடல்காற்று காரை என்ன செய்கிறது?

மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், சோற்று உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடுக்கு அவ்வளவுகூட வேண்டாம், 33 சதவீதமே போதும். அதாவது, காரின் அடித்தகட்டில் படிந்த உப்பு ஒருபோதும் முழுசாகக் காய்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலமாக இரும்பின் மீது உட்கார்ந்திருக்கும். துருப்பிடிக்க அதுவே போதும்.

காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், நம்மவர்கள் 'சிக்ரி' என்று சொல்வது, மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளைக் காற்றில் வைத்து அரிமானத்தை அளந்து வந்திருக்கிறது. ராமேஸ்வரம், தூத்துக்குடி வாசகர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே தெரியும்.

தார்ப்பாய் காரைக் காப்பாற்றும் என்பது தவறான நம்பிக்கை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் தார்ப்பாய் ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும். பாயை விலக்கியதும் மேல் பெயின்ட் நன்றாக இருக்கிறதே என்று சந்தோஷப்படுவோம். துரு கீழே இருக்கும்.

முதல் கழுவல் எங்கிருந்து?

அடியிலிருந்து. ஆனால் அதற்கும் முன்பு உங்கள் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். கடற்கரை ஓரத்தில் பல கிணறுகளும் போர்வெல்லும் உப்புக் கரிக்கும். அந்தத் தண்ணீரில் காரைக் கழுவினால் உப்பை உப்பால் கழுவுகிற கதைதான். குழாய் நீர் அல்லது பிடித்து வைத்த மழைநீர் நல்லது.

சக்கரக் குழிகள், கதவுகளின் அடிப்பகுதி, கதவுக்குக் கீழே ஓடும் நீளமான சில் பகுதி, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழி, கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளம் ஆகிய இடங்களில்தான் உப்பும் இலைச் சருகும் தங்கும். கதவின் அடியில் சின்னச் சின்ன வடிகால் துளைகள் இருக்கும். அவை அடைத்திருந்தால் கதவுக்குள் தண்ணீர் நின்று உள்ளிருந்து துருவேறும். ஒரு மெல்லிய ஒயரை விட்டுத் துளைகளைத் திறந்து விடுங்கள். பிறகு இரண்டு மூன்று நாள் நன்றாகக் காயட்டும்.

அடுத்து, ஸ்க்ரூடிரைவரின் பிடியால் அடிப்பகுதியை மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். 'டங்' என்று கேட்டால் தகடு உயிரோடு இருக்கிறது. 'பொத்' என்று கேட்டாலோ, பொடி உதிர்ந்தாலோ அங்கே பிரச்னை.

மேலோட்டமான துருவை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கம்பி பிரஷ்ஷால் உலோகம் தெரியும்வரை தேய்த்து, ரஸ்ட் கன்வெர்ட்டர் பூசி, எப்பாக்ஸி பிரைமர், அதன் மேல் பெயின்ட், உட்குழிகளில் மெழுகு ஸ்பிரே என்ற வரிசையில் போக வேண்டும். துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே கருப்பு அண்டர்பாடி கோட்டிங் அடிப்பதுதான் பலர் செய்யும் தவறு. பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும். உள்ளே உப்பும் ஈரமும் சிறைப்பட்டு, கோட்டிங் உரியும்போது தகடும் சேர்ந்தே வரும்.

சஸ்பென்ஷன் பொருந்தும் இடத்திலோ, சீட் பெல்ட் போல்ட்டைச் சுற்றியோ, சில் பகுதியிலோ ஓட்டை விழுந்திருந்தால் அது வீட்டு வேலை அல்ல. தகடு வெட்டி வெல்டிங் செய்யத் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். விபத்தில் உங்களைத் தாங்கும் எலும்பு அது.

இன்னொன்று. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்காதீர்கள். கெட்டியான தரையில் ஜாக் ஸ்டாண்டு வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு இறங்குங்கள்.

"ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துடலாமே?"

எல்லோருக்கும் கை அரிக்கும் இடம் இது. கொஞ்சம் பொறுங்கள்.

பெட்ரோல் சில மாதங்களிலேயே கெடத் தொடங்கும். இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் ஓர் அளவுக்கு மேல் சேர்ந்தால், இரண்டும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். பம்ப் முதலில் உறிஞ்சுவதும் அதைத்தான். எனவே பழைய பெட்ரோலை முழுக்க எடுத்துவிடுங்கள். வாயால் உறிஞ்ச வேண்டாம், கைப்பம்ப் போதும். திறந்த வெளியில், நெருப்பில்லாத இடத்தில் செய்யுங்கள். 2000-களின் கார்கள் இவ்வளவு எத்தனாலை நினைத்து வடிவமைக்கப்பட்டவை அல்ல. அதனால் ரப்பர் குழாய்களை வளைத்துப் பார்த்து, வெடிப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள்.

எலி கடித்த ஒயர் இருக்கிறதா பாருங்கள். இன்ஜின் ஆயிலை மாற்றி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் சில சொட்டு ஆயில் விட்டு, ஸ்பானரால் இன்ஜினைக் கையாலேயே சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றினால் நல்லது. டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால், ஓடிய கிலோமீட்டரை மட்டும் பார்க்காதீர்கள். ரப்பருக்கு வயதும் உண்டு. பெல்ட் அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி, மொத்த இன்ஜினும் செலவில் முடியும்.

வேகக் காருக்கு பிரேக்தான் முதல் மரியாதை

பிரேக் ஆயிலும் ஈரத்தை இழுக்கும் திரவமே. டாட் 4 தரத்தின்படி, புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலையில் அந்தத் தரம் கேட்பது வெறும் 155 டிகிரிதான். பல வருஷம் நின்ற காரில் இதற்கும் கீழே போகலாம். வேகமாகப் போய் அழுத்தி பிரேக் பிடித்தால் ஆயில் கொதித்து, குழாயில் ஆவிக் குமிழ் உண்டாகி, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். விழிஞ்ஞம் முக்கோலை வழியாகச் செல்லும் நான்குவழி பைபாஸில் முதல் ஓட்டம் போய் இதைக் கண்டுபிடிக்கக் கூடாது. ஆயிலை முழுக்க மாற்றி, துருவேறிய டிஸ்க்கையும் கேலிப்பரையும் மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு, காலி இடத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-வது வாரம். பட்டன் நிறைய இருக்கிறது என்று பத்து வருஷ டயரை வைத்துக்கொள்வது வீண் சிக்கனம்.

இப்போது பாலீஷ்

நிழலில், பெயின்ட் சூடில்லாமல் இருக்கும்போது ஷாம்பூ போட்டுக் கழுவி, க்ளே பாரால் ஒட்டிய அழுக்கை எடுத்த பிறகுதான் பாலீஷ். காரின் பெயின்ட் மொத்தமும் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான். மேலிருக்கும் க்ளியர் கோட் அதில் பாதிகூட வராது. ஒரு தலைமுடியின் தடிமனைவிட மெல்லியது. தேய்த்துப் போக்கிவிட்டால் திரும்ப வராது. புதிதாகச் செய்பவர்கள் ரோட்டரி மெஷினைத் தொடாமல், டூயல் ஆக்‌ஷன் மெஷினை வைத்து, பானெட்டின் ஒரு மூலையில் சின்னச் சதுரத்தில் மட்டும் செய்து பார்க்க வேண்டும்.

டீசலோ மண்ணெண்ணெயோ தொட்டுத் துடைக்கும் பழக்கம் நம் ஊர் ஸ்டாண்டுகளில் இன்னும் உண்டு. அன்றைக்குப் பளபளக்கும், மறுநாள் தூசியை எல்லாம் இழுக்கும், ரப்பர் பீடிங்கையும் கெடுக்கும். உள்ளே பூஞ்சை வாடை அடித்தால் சென்ட் அடிப்பதில் பயனில்லை. கார்பெட்டைத் தூக்கி அடியில் உள்ள ஸ்பாஞ்சை அழுத்திப் பாருங்கள், ஈரம் அங்கேதான் இருக்கும்.

சட்டம் எங்கே குறுக்கிடும்?

கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், உற்பத்தியாளர் வகுத்த அடிப்படை அமைப்பை மாற்றிய வண்டியைப் பதிவு செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு அதற்கு அடிப்படை. எனவே பழைய நிலைக்குக் கொண்டுவருவது வேறு, சைலன்சரை வெட்டிச் சத்தம் கூட்டுவது வேறு. நிறத்தை மாற்றினால் ஆர்சி புக்கிலும் மாற்ற வேண்டும்.

15 ஆண்டு முடிந்த கார் என்றால் பதிவைப் புதுப்பிக்காமல் ரோட்டில் இறக்க முடியாது. 20 ஆண்டைத் தாண்டிய கார்களுக்கு இந்தக் கட்டணத்தை மத்திய அரசு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தியது. அந்தப் பழைய சிட்டி வி-டெக் இந்தக் கணக்கில்தான் வரும். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து போய்க் கேரளக் காரை வாங்குகிறவர்கள், அங்குள்ள ஆர்டிஓவிடம் என்ஓசி வாங்க வேண்டும். காரைத் தமிழ்நாட்டிலேயே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே புதிய எண்ணும் எடுக்க வேண்டும். வெளிநாட்டுக் கார் என்றால் கூடுதல் கவனம் தேவை. பூடான் வழியாக வந்த கார்களைத் தேடி சுங்கத்துறை 2025 செப்டம்பரில் கேரளம் முழுக்க நடத்திய 'ஆபரேஷன் நும்கோர்' சோதனையில் பல கார்கள் பறிமுதல் ஆயின. சேசிஸ் எண்ணும் ஆர்சி புக்கில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்பதை, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, துருவைச் சுரண்டியாவது படித்துப் பார்த்துவிடுங்கள்.