மன்னர் எழுதிய கடிதம்

சரித்திரம் என்றால் பட்டாபிஷேகமும் படையெடுப்புமே என்று நாம் எண்ணிவிடுகிறோம். குளிரும் பசியுங்கூடச் சரித்திரத்தை நடத்துவதுண்டு. இதற்குப் பிரெஞ்சு தேசத்தில் 1709-ஆம் வருஷமே சாட்சி.

அவ்வருஷம் ஜனவரி முதல் வாரத்தில் கடுங்குளிர் கவிந்தது. நதிகள் உறைந்தன. பதினான்காம் லூயி மன்னர் வாசம் செய்த வெர்ஸேல்ஸ் அரண்மனையிலேயே புட்டிகளில் மது உறைந்தது. நடுவே பனி உருகி மீண்டும் உறைந்ததால், வயலில் முளைத்திருந்த கோதுமைப் பயிர் மாண்டது. ரொட்டி விலை பன்மடங்கு ஏறிற்று. அவ்வருஷமும் அடுத்த வருஷமுமாகப் பஞ்சத்துக்கும் நோய்க்கும் சுமார் 6 லட்சம் பேர் இரையாயினர் என்பது சரித்திர ஆசிரியர்களின் மதிப்பீடு. வசந்தத்தில் விதைத்த வாற்கோதுமைதான் எஞ்சியோரைக் காத்தது.

போதாக்குறைக்கு, 1701 முதல் நடந்துவந்த ஸ்பெயின் வாரிசு யுத்தம் வேறு. மன்னர் சமாதானம் கோரினார். எதிரிகளோ, ஸ்பெயின் சிம்மாசனத்திலிருந்த அவருடைய பேரனை அவரே படை கொண்டு இறக்க வேண்டும் என்றனர்.

எவருக்கும் காரணம் சொல்லியறியாத மன்னர், ஜூன் 12-ந் தேதி மாகாண கவர்னர்களுக்குக் கடிதம் எழுதி, தாம் அதை மறுத்த காரணத்தை ஜனங்களுக்கு அறிவிக்கச் செய்தார். தமது தங்கப் பாத்திரங்களையும் உருக்க அனுப்பினார். பசித்த நாடு படைக்கு ஆள் தந்தது. செப்டம்பர் 11-ல் மால்ப்ளாக்கே போர்க்களத்தில் பிரெஞ்சுப் படை பின்வாங்கினாலும், வென்றவர்களுக்கே சேதம் அதிகம்.

மன்னர் தியாகத்தைக் கேட்டாரே தவிர, ஜனங்களின் யோசனையைக் கேட்கவில்லை. 1614-ல் கூடிய பிரதிநிதி சபையை மறுபடி கூட்டவுமில்லை. அது மீண்டும் கூடியது 1789-ல். கடிதத்துக்குப் பதில் வர 80 வருஷமாயிற்று என்றே நமக்குத் தோன்றுகிறது.