தெரியுமா? ரெண்டு கோடு விழ ரெண்டு வாரம் ஏன்?

கருமுட்டை வெளிவந்து நாலே நாள்! அதற்குள் கர்ப்ப டெஸ்ட் கிட் வாங்கி, பாத்ரூம் லைட்டுக்கு நேரே தூக்கிப்பிடித்து, “கோடு தெரியுதா, இல்லையா?” என்று கண்ணை இடுக்குகிறீர்களா? கொஞ்சம் பொறுங்க... உள்ளே நடக்கிற கூத்தைக் கேளுங்க!

ஒரு நாள்தான் ஆயுசு!
வெளிவந்த கருமுட்டை உயிரோடு இருப்பது 12 முதல் 24 மணி நேரம்தான். விந்தணுவோ 5 நாள் வரை தாக்குப்பிடிக்கும். ஆமாம், பெண் வருவதற்கு முன்பே மாப்பிள்ளை மண்டபத்தில் ஆஜர்!

சேர்ந்தாலும் சேதி வராது!
முட்டையும் விந்தணுவும் சேர்வது கருக்குழாயில். அங்கிருந்து உருண்டு வந்து கருப்பையில் ஒட்ட 6 முதல் 12 நாள் ஆகும்; பெரும்பாலோருக்கு 8, 9, 10-ஆம் நாட்களில். ஒட்டிய பிறகுதான் எச்.சி.ஜி. ஹார்மோன் ரத்தத்தில் கலந்து சிறுநீருக்கு வரும். கிட் தேடுவது அதைத்தான். நாலாம் நாள் டெஸ்ட்டில் தேடிப் பிடிக்க ஒன்றுமே இல்லை!

ரெட்டிக்கும் கணக்கு!
ஆரம்பத்தில் எச்.சி.ஜி. சுமார் 2, 3 நாளுக்கு ஒருமுறை ரெட்டிப்பாகும். இன்று 7 என்றால், அடுத்து 14, அதற்கடுத்து 28. பல கிட்களின் கண்ணுக்குத் தெரிவதே 25-க்கு மேல்! இன்று ஒற்றைக் கோடு, வாரக் கடைசியில் ரெட்டைக் கோடு... மாயமில்லை, பெருக்கல் வாய்ப்பாடு!

அப்போ எந்த நாள்?
கருமுட்டை வெளிவந்து 14 நாள் கழித்து, அதாவது நாள் தள்ளிப்போன பிறகு. காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர் உத்தமம். ராத்திரி முழுக்கத் தேங்கியதால் ஹார்மோன் அடர்த்தியாக இருக்கும். ஒற்றைக் கோடா? 2, 3 நாள் விட்டு மறுபடி பாருங்க. ஒரு வாரமாகியும் மாதவிலக்கும் இல்லை, கோடும் இல்லை என்றால் டாக்டரிடம் போங்க. அட்டையில் போட்ட நேரம் தாண்டிப் பார்த்தால், காய்ந்த ஈரமே கோடு மாதிரி ஏமாற்றும்! குழந்தைப்பேறு சிகிச்சையில் எச்.சி.ஜி. ஊசி போட்டவர்களுக்கு அந்த மருந்தே ரெண்டு கோடு காட்டிவிடலாம். டாக்டர் சொன்ன தேதிதான் கணக்கு.

கோதுமை, தவளை, கிளிப் டப்பா!
பழைய எகிப்தில் கோதுமை, பார்லி மீது சிறுநீர் கழிக்கச் சொன்னார்கள், முளைத்தால் கர்ப்பம்! 1930-களில் ஆப்பிரிக்கத் தவளைக்குச் சிறுநீரை ஊசியில் ஏற்றினார்கள், முட்டையிட்டால் கர்ப்பம்! 1967-ல் அமெரிக்காவில் மார்கரெட் கிரேன் என்ற டிசைனர், பேப்பர் கிளிப் டப்பாவை வைத்து வீட்டிலேயே செய்யும் டெஸ்ட்டுக்கு மாதிரி செய்தார். அது 1970-களில் கடைக்கு வந்தபோது முடிவு தெரிய 2 மணி நேரம்!

கடைசியாக ஒரு ரகசியம்!
அந்த ரோஸ் கோட்டுக்கு நிறம் எங்கிருந்து? பல கிட்களில் அது தங்கம்! நிஜத் தங்கம்தான், கண்ணுக்கே தெரியாத துகள்களாக. அவ்வளவு பொடியானால் தங்கம் மஞ்சளாக மின்னாது, சிவந்துவிடும். எச்.சி.ஜி. கையைப் பிடித்து இழுத்து வந்தால்தான் அது ரெண்டாவது கோட்டில் நிற்கும். இழுக்க ஆள் சேரத்தான் அந்த ரெண்டு வாரம்!