உங்களுக்குத் தெரியுமா?

தையல் போடாமல் காயத்தை ஒட்டும் மருத்துவப் பசையின் பூர்வீகம், துப்பாக்கிக்குக் குறிபார்க்கும் கருவி செய்யப்போன ஓர் ஆய்வு!

• 1942, அமெரிக்கா. கோடாக் நிறுவன வேதியியலாளர் ஹாரி கூவர் அந்தக் குறிபார்க்கும் கருவிக்காகக் கண்ணாடிபோல் தெளிவான பிளாஸ்டிக்கைத் தேடினார். கையில் கிடைத்தது சயனோஅக்ரிலேட். தொட்டதெல்லாம் ஒட்டிக்கொண்டதால் ஓரங்கட்டிவிட்டார். 1958இல் அதுவே சூப்பர் குளூவாகக் கடைக்கு வந்தது.

• வியட்நாம் போரில் சயனோஅக்ரிலேட்டையே காயத்தின் மீது பீய்ச்சி, ரத்தப்போக்கை நிறுத்தினார்கள். அடிபட்டவர் மருத்துவமனை போய்ச் சேரும்வரை உயிரைப் பிடித்துவைத்த பசை!

• இந்த வகைப் பசை காய்ந்து ஒட்டுவதில்லை. ஈரம் பட்டால்தான் இறுகும். தோலில் இருக்கும் லேசான ஈரமே போதும். டாக்டர் காயத்தின் இரு விளிம்புகளையும் விரலால் சேர்த்துப் பிடித்து, மேலே மட்டும் மெல்லிசாகத் தடவுவார். உள்ளே இறங்கக் கூடாது. சுருக்கென்று ஒரு சூடு தெரியும், அவ்வளவுதான். நெற்றியில் அடிபட்ட குழந்தைக்கு ஊசியும் இல்லை, பிறகு தையல் பிரிக்கும் அழுகையும் இல்லை. 5 முதல் 10 நாளில் பசை தானே உரிந்துவிடும். அதுவரை எண்ணெய், களிம்பு தடவாதீர்கள், ஒட்டு இளகிவிடும்.

• உடலுக்குள் ஒட்ட ஃபைப்ரின் பசை உண்டு. மனித ரத்தத்தில் உள்ள, ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களே அதன் மூலப்பொருள்.

வீட்டிலிருக்கும் சூப்பர் குளூவைக் காயத்தில் தடவிவிடாதீர்கள். மருத்துவப் பசையும் சயனோஅக்ரிலேட் வகைதான், ஆனால் அதன் மூலக்கூறு வேறு; கடைப் பசை திசுவைப் புண்ணாக்கும்.