கைக்குள் அடங்கும் ரயில்: மாதிரி செய்வதும் நரம்பு நோயிலிருந்து மீள்வதும்

பக்கவாதத்துக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய ஒருவர், மூன்றாம் மாத மறுபரிசோதனைக்கு வரும்போது காலணிப் பெட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், கே.கே. நகரில் மகன் குடும்பத்துடன் வசிப்பவர். (அவரை அடையாளம் காண இயலாதவாறு சில விவரங்களை மாற்றியுள்ளோம்.) அவர் பெட்டியைத் திறப்பதற்குள் மகன் முந்திக்கொண்டார். "கத்தியும் பசையுமா நாள் முழுக்கப் பொம்மை செஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு டாக்டர். நாங்க சொன்னா கேட்கமாட்டேங்கறாரு. நீங்க சொன்னா நிறுத்திடுவாரு."

பெட்டிக்குள் இருந்தது, திருமண அழைப்பிதழ் அட்டைகளை வெட்டிச் செய்த மின்சார ரயில் பெட்டி ஒன்று. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் கேஜ் பாதையில் ஓடிய பழைய வண்டி. வலப்பாதியில் சன்னல் கம்பிகள்கூட விடுபடவில்லை. நடுப்பகுதியைத் தாண்டி இடப்பக்கம் வந்தால் வெறும் அட்டை. சன்னலும் இல்லை, வண்ணமும் இல்லை. "முடிச்சிட்டேன் சார்" என்றார் பெரியவர், மகிழ்ச்சியுடன்.

நாங்கள் அவரை நிறுத்தச் சொல்லவில்லை. மாறாக, அந்த அட்டைப் பெட்டியால்தான் ஒரு குறைபாட்டை அறிந்துகொண்டோம். மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்படும்போது இடக்கை, இடக்கால் வலுவிழப்பதை எல்லோரும் அறிவர். சிலருக்கு அத்துடன் இடப்புற உலகமே கவனத்திலிருந்து நழுவிவிடும். கண்ணில் பழுது இருக்காது. மூளை அப்பக்கத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. இதை இடப்புறப் புறக்கணிப்பு என்கிறோம். தட்டில் இடப்பக்கச் சோறு அப்படியே இருக்கும், வலக்கன்னம் மட்டும் சவரம் செய்யப்பட்டிருக்கும். தமக்கு இப்படியொரு குறை இருப்பதை நோயாளி பெரும்பாலும் உணர்வதில்லை. இவர் எங்கள் படுக்கையருகே செய்த எளிய சோதனைகளில் தேறியிருந்தார். அத்துடன் காலையில் தனியாகச் சிவன் பூங்காவுக்கு நடந்து போய்வந்துகொண்டிருந்தார் என்பதும் அன்றுதான் தெரிந்தது. இடப்பக்கமிருந்து வரும் இருசக்கர வாகனத்தை அவர் மூளை பதிவு செய்யாது என்பதை மகனிடம் விளக்கியபோது, அவர் பொம்மையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்.

இந்தப் பொழுதுபோக்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இது பொம்மை விளையாட்டு என்ற எண்ணமே பல குடும்பங்களில் தடையாக இருக்கிறது. அசல் வண்டியையோ கப்பலையோ ஒரே விகிதத்தில் சுருக்கி, குறிப்பிட்ட காலத்தில் அது எப்படி இருந்ததோ அப்படியே செய்வதுதான் இதன் இலக்கணம். ரயில் மாதிரிகளில் உலகெங்கும் பரவலாக இருப்பது 87-இல் 1 பங்கு என்ற அளவு. இந்த அளவுக்குக் கடைகளில் கிடைக்கும் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர்; 1,435 மி.மீ. அகலமுள்ள ஐரோப்பிய, அமெரிக்கப் பாதைகளை வைத்துக் கணக்கிடப்பட்டது. நம் அகலப்பாதையோ 1,676 மி.மீ.; அதை 87-ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வரும். ஆகவே நம் அகலப்பாதை எஞ்சினைக் கடைத் தண்டவாளத்தில் நிறுத்தினால் சக்கரங்கள் ஒடுங்கித் தெரியும். மீட்டர் கேஜுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆயிரத்தை 87-ஆல் வகுத்தால் 11.5; சந்தையில் 12 மி.மீ. தண்டவாளம் கிடைக்கிறது. எங்கள் நோயாளி இந்தக் கணக்கை ஒரு பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் தாமே போட்டிருந்தார். பக்கவாதத்துக்குப் பின் கணக்குப் போடும் திறனைச் சோதிக்க நாங்கள் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வது வழக்கம். அவருடைய சோதனை எங்களுடையதைவிடக் கடினம்.

கடற்கரை–தாம்பரம் பாதையில் 1931-இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மீட்டர் கேஜ் வண்டிகள் 2004-இல் விடைபெற்றன. கோடம்பாக்கத்திலும் மாம்பலத்திலும் சைதாப்பேட்டையிலும் அவற்றில் ஏறிக் கல்லூரிக்குப் போனவர்கள் எங்கள் பிரிவிலேயே உண்டு. அந்தப் பெட்டிக்கு என்ன வண்ணம் என்று தேநீர் வேளையில் பேச்சு எழுந்தபோது மூவர் மூன்று வண்ணம் சொன்னோம். நினைவை நம்பிச் செய்ய முடியாது என்பதால்தான், மாதிரி செய்பவர்கள் பழைய புகைப்படம் தேடுகிறார்கள், அருங்காட்சியகம் போகிறார்கள், உடன் பணியாற்றியவர்களைத் தொலைபேசியில் அழைக்கிறார்கள். நோயின்பின் வீட்டுக்குள் முடங்கிய ஒருவர் பழைய நண்பரை அழைத்துப் பேசுவது எங்களுக்கு மருந்துச் சீட்டில் எழுத முடியாத ஒன்று. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையை ஒட்டி 2002 முதல் இயங்கிவரும் ரயில் அருங்காட்சியகத்தில் அசல் எஞ்சின்களையும் பெட்டிகளையும் அருகில் நின்று பார்க்கலாம். புனே போகும் வாய்ப்பிருந்தால் ஜோஷியின் சிற்றுரு ரயில் அருங்காட்சியகத்தையும் பாருங்கள். தனிமனிதர் ஒருவரின் பொழுதுபோக்கு, 1998-இல் பொதுமக்களுக்கான காட்சிக்கூடமானது.

போர்க்கருவி மாதிரிகளில் ஆர்வமுள்ளவர்களுக்கும் சென்னையில் பொருளுக்குப் பஞ்சமில்லை. விஜயந்தா பீரங்கி வண்டி ஆவடியில் உருவானது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகள்மீது குண்டு வீசிய எம்டன் கப்பல், நம் பேச்சு வழக்கில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்டது. 118 மீட்டர் நீளமுள்ள அக்கப்பலை 350-இல் 1 பங்காகச் செய்தால் 34 சென்டிமீட்டர் வரும். பள்ளி மாணவரின் அடிக்கோலைவிடச் சற்றே நீளம். அதற்கு மூன்று புகைபோக்கிகள். ஆனால் பிரிட்டிஷ் கப்பல் என எதிரியை ஏமாற்ற நான்காவதாகப் போலிப் புகைபோக்கி ஒன்றையும் பொருத்திக்கொள்ளும். எனவே எந்த நாளின் எம்டனைச் செய்கிறோம் என்று முதலில் முடிவு செய்தாக வேண்டும். இப்படித் திட்டமிடுவதும், வரிசைப்படுத்துவதும், முடிவெடுத்தபின் அதில் நிற்பதும் மூளையின் முன்பகுதியின் வேலை; பக்கவாதத்துக்குப் பின் பலருக்கு மெதுவாகவே திரும்புவது.

கைக்கு என்ன பயன்? இழந்த இயக்கத்தை மூளை மீண்டும் கற்பதற்குத் திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சி வேண்டும். அது ஒரு நோக்கமுள்ள செயலாக இருப்பது நல்லது. பந்தை நூறு முறை பிசையச் சொன்னால் பத்தாவது முறையில் சலிப்பு வந்துவிடும். சன்னல் சட்டம் ஒட்ட வேண்டுமென்றால் சலிப்பதில்லை. மீட்சியின் பெரும்பகுதி முதல் சில மாதங்களில் நிகழும். அதன்பின் வேகம் குறைந்தாலும் கதவு மூடிவிடுவதில்லை. எனினும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்: மாதிரி செய்வது இயன்முறைச் சிகிச்சைக்கு மாற்று அல்ல. ரயில் செய்கிறேன் என்று கால் பயிற்சியைக் கைவிட்டவர்களையும் பார்த்திருக்கிறோம்.

தொடக்கத்திலேயே நூற்றுக்கணக்கான நுண்பாகங்கள் கொண்ட வெளிநாட்டுக் கிட் வாங்கித் தர வேண்டாம். விலையும் அதிகம், தோல்வியும் உறுதி. தடித்த அட்டை, பெரிய பாகங்கள், வெட்டுவதற்கு முனை மழுங்கிய கத்தரிக்கோல் போதும். வலுவிழந்த கை வெட்ட வேண்டியதில்லை. அட்டையை அழுத்திப் பிடித்துக்கொள்ளட்டும். அதுவே அந்தக் கைக்குரிய முதல் வேலை. பின்னர் பிடித்து விடுவது, அதன்பின் இடுக்கி, அதற்கும் பின்னரே தூரிகை. இந்த வரிசையைச் செயல்வழிச் சிகிச்சையாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வகுத்துத் தருவார். முதுகு சாயும் நாற்காலி, பாதம் தரையில் பதியும் உயரம், முன்கை முழுதும் மேசைமேல் தாங்கியிருத்தல். ஒரு தடவைக்கு இருபது நிமிடம் போதும்.

நாம் பார்த்த பெரியவரின் மேசையில் இட ஓரம் நெடுகச் சிவப்பு நாடா ஒன்றை ஒட்டச் சொன்னோம். ஒவ்வொரு பாகத்தையும் ஒட்டுவதற்கு முன் அந்தச் சிவப்பைக் கண்ணால் தேடிக் கண்டபின்தான் வேலை. குடும்பத்தாருக்கும் ஒரு வேண்டுகோள் வைத்தோம். இரவில் அவர் தூங்கியபின் விடுபட்ட சன்னல்களை நீங்கள் ஒட்டி வைக்காதீர்கள். "தப்பு" என்று சொல்லாமல், "அப்பா, சிவப்புக் கோடு வரைக்கும் பார்த்துட்டீங்களா?" என்று மட்டும் கேளுங்கள்.

பார்க்கின்சன் நோயாளிகளுக்குக் கணக்கு வேறு. மாத்திரை நன்கு வேலை செய்யும் மணி நேரத்தில் மட்டுமே கத்தி, பிளேடு. மற்ற நேரத்தில் படம் பார்க்கலாம், அளவு குறிக்கலாம். இவர்கள் குடும்பத்தார் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்நோய்க்குத் தரும் டோபமைன் சார்ந்த மருந்துகள், குறிப்பாகப் பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்றவை, சிலருக்குக் கட்டுப்படுத்த முடியாத உந்துதலை உண்டாக்கும். விடியும்வரை உட்கார்ந்து திருகாணிகளைப் பிரித்துப் பிரித்து அடுக்குவார்கள்; செய்த மாதிரியைக் கழற்றி மீண்டும் பூட்டுவார்கள்; முந்தைய கிட்டைத் திறக்காமலே அடுத்ததை இணையத்தில் வாங்குவார்கள். கடன் அட்டைக் கணக்கு வந்தபின்தான் வீட்டுக்குத் தெரியும். இது ஆர்வமும் அல்ல, பிடிவாதமும் அல்ல, மருந்தின் பக்கவிளைவு. வெட்கப்படாமல் எங்களிடம் சொல்லுங்கள். அளவை மாற்ற முடியும். ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து.

வெட்டுக் காயம் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். விரலைவிடப் பாதத்தைப் பற்றித்தான் எங்களுக்குக் கவலை. நம் வீடுகளில் வெறுங்காலுடன் நடக்கிறோம். நீரிழிவால் பாத உணர்வு மங்கியவருக்கு, தரையில் விழுந்த பிளேடு துண்டு ஏறியதே தெரியாது. காலுறையில் ஈரம் கண்டு மூன்றாம் நாள் வருவார். ஆகவே மேசைக்கடியில் வெள்ளைத் துணி விரியுங்கள், வேலை முடிந்ததும் காந்தத்தால் தடவி எடுங்கள், வீட்டுக்குள்ளும் செருப்பு அணியுங்கள், இரவில் இரு பாதங்களையும் ஒருவர் பார்த்துவிடுங்கள். வார்ஃபரின், அசினோகுமரால், க்ளோபிடோக்ரெல் போன்றவற்றை உட்கொள்பவருக்கு விரல் வெட்டுப்பட்டால், சுத்தமான துணியால் பத்து நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடிக்கவும். அதன்பின்னும் இரத்தம் நிற்காவிட்டால் அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.

பசையின் ஆவியும் தின்னரின் ஆவியும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. குளிர்சாதன அறையில் சன்னலை மூடிக்கொண்டு வண்ணம் பூசுவது யாருக்குமே நல்லதல்ல. நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணமே போதும். தின்னர் இருக்கும் அறையில் பூசை விளக்கோ கொசுவத்திச் சுருளோ எரியக் கூடாது. வீட்டில் ஆக்சிஜன் பயன்படுத்துபவர் இருந்தால் தின்னரும் சால்டரிங்கும் அறவே வேண்டாம். நொடியில் ஒட்டும் பசை விரல்களை ஒட்டிவிட்டால் பிய்க்காமல் வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவிடுங்கள். கண்ணில் பட்டால் நீரால் கழுவிக்கொண்டே புறப்படுங்கள். விளக்கு எரிய வைக்கும் பொத்தான் பேட்டரியைப் பேரக்குழந்தை விழுங்கிவிட்டால் ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம். சில மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துவிடும்.

வேலை செய்துகொண்டிருக்கையில் கை திடீரென்று பொருளை நழுவவிட்டாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ "உட்கார்ந்து உட்கார்ந்து கை ஓய்ந்துவிட்டது" என்று படுக்க வைக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட முதல் நாலரை மணி நேரமே எங்களுக்கு உண்டு. பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் ஆகும் நேரமும் அதில் அடக்கம்.

பெரியவர் சென்ற மாதம் மீண்டும் வந்தார். இடப்பக்கச் சன்னல்கள் வந்துவிட்டன. ஒரு கதவு மட்டும் இன்னும் விடுபட்டிருக்கிறது. பூங்காவுக்கு மகன் உடன் போகிறார். இப்பழக்கம் உள்ளவர்கள் மறுபரிசோதனைக்கு வரும்போது, மருந்துச் சீட்டுடன் செய்துகொண்டிருக்கும் மாதிரியையும் எடுத்து வாருங்கள்; முடிக்காததாக இருந்தாலும் சரி. பசை காய்ந்திருந்தால் போதும்.