பழைய எம்.ஜி.பி. வண்டியில் வெப்பமும் காற்றும்

இங்கிலாந்திலே அபிங்டன் என்னும் ஊரில் 1962 ஆம் ஆண்டு முதல் 1980 ஆம் ஆண்டு வரை எம்.ஜி.பி. என்ற விளையாட்டு மோட்டார் வண்டி செய்யப்பட்டு வந்தது. ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. அவற்றுட் பல இன்றும் அந்நாட்டு வீதிகளில் ஓடுகின்றன. கோடை வெயிலிலே கூரையை மடித்துவிட்டு ஓட்டுவதற்கென்றே பிறந்த வண்டி இது. வெப்பமூட்டும் கருவி தொடக்கத்தில் மேலதிகப் பணம் கொடுத்துப் பெறவேண்டிய பொருளாகவே இருந்தது. ஆயினும் தை மாதப் பனியில் வண்டியை வெளியே எடுப்பவருக்கு அக்கருவி ஆடம்பரம் அன்று. மூச்சின் ஈரம் முன்கண்ணாடியிற் படிந்து வழியை மறைக்காமற் காப்பது அதுவே.

இக்கருவி தனியானதோர் அடுப்பு அன்று என்பதை முதலில் மனங்கொள்ளல் வேண்டும். எஞ்சினைக் குளிர்விக்கும் நீரில் ஒரு பகுதி கிளையாகப் பிரிந்து, எஞ்சின் அறையின் பின்சுவரருகே உள்ள பெட்டிக்குள் ஒரு சிறிய ரேடியேட்டரினூடாகச் சென்று மீள்கின்றது. முன்கண்ணாடிக்கு முன்னுள்ள கம்பிவலை வழியாகப் புகும் வெளிக்காற்று, அச்சிறு ரேடியேட்டரைக் கடந்து சூடேறி, கண்ணாடிக்கோ கால்களுக்கோ செல்கின்றது. நீருக்கு ஒரு வழி, காற்றுக்கு ஒரு வழி; பழுது எவ்வழியில் உள்ளது என்று அறியாமற் பெட்டியைக் கழற்றுவது வீண் வேலை. இவ்வண்டியிலே கழற்றுவதற்கு மிகத் தொல்லையான உறுப்புகளுள் அப்பெட்டியும் ஒன்று. ஒடுங்கிய இடத்தில் அது இறுகப் பொருந்தியிருக்கும். அனுபவமுள்ளவரும் அதன் பெயரைக் கேட்டாற் பெருமூச்சு விடுவர்.

எஞ்சின் நன்கு சூடேறிய பின், வெப்பத்தை முழுமையாகத் திறந்து வைத்து, பெட்டிக்குச் செல்லும் இறப்பர் குழாய்கள் இரண்டையும் விசிறியிற் கை படாதவாறு எச்சரிக்கையோடு தொட்டுப் பார்த்தல் வேண்டும். இரண்டும் சூடாயின் நீரிற் குறையில்லை. காற்றின் வழியை ஆராய்க. ஒன்று சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருப்பின் சிறு ரேடியேட்டர் அடைபட்டிருத்தல் கூடும். எஞ்சினின் இரும்புத் துருவும் சேறும் அதன் நுண்ணிய குழாய்களிற் படிந்துவிடும். குழாய்களைக் கழற்றி, நீர் வழக்கமாகச் செல்லும் திசைக்கு எதிர்த்திசையில் மெல்ல நீர் பாய்ச்சினாற் பெரும்பாலும் வழி திறக்கும். வேகமாகப் பாய்ச்சினால் அரை நூற்றாண்டு கண்ட பித்தளை தாங்காது.

இரண்டும் குளிர்ந்திருந்தால், எஞ்சின் தலையின் பின்புறத்தில் உள்ள வால்வை நோக்குக. ஓட்டுநர் திருப்பும் குமிழிலிருந்து ஒரு கம்பி அவ்வால்வை இழுக்கின்றது. கம்பி வழுகி, குமிழ் திரும்பியும் வால்வு திரும்பாதிருப்பது மிகச் சாதாரணமான குறை. இதற்கு ஒரு திருகாணியை இறுக்குவதே மருந்து. அண்மையில் நீர் மாற்றப்பட்டிருப்பின் உள்ளே காற்று அடைபட்டிருக்கலாம். வால்வைத் திறந்துவைத்தே நீர் நிரப்புதல் வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியை மட்டும் ஒருபோதும் திறத்தலாகாது.

எஞ்சினே சூடேறாது போனால் குற்றம் வெப்பமூட்டியின் மேல் இல்லை. வழமையாக 82 பாகை செல்சியஸில் திறக்கும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருக்கும். அல்லது முன்னைய சொந்தக்காரர் எவரோ அதனைக் கழற்றி எறிந்திருப்பார்.

காற்றின் வழியில் விசிறியே முதலிற் சந்தேகத்துக்குரியது. பெரும்பாலான மாதிரிகளில் அதற்கு மின் கொடுக்கும் பியூஸே திரும்பும் விளக்குகளுக்கும் துடைப்பானுக்கும் மின் கொடுக்கின்றது. ஆதலின் அவையும் செயலற்றிருந்தால் விசிறியைக் குறை கூறுதல் தகாது. விசிறி சுழன்றும் காற்று வாராவிடின், உள்ளே காற்றைத் திருப்பும் தகடுகளின் ஓரத்து நுரைப்பஞ்சு பொடியாக உதிர்ந்திருக்கும். சூடான காற்று கண்ணாடியை அடையாமல் இடையிலேயே கசிந்துவிடும்.

காலடியில் ஈரம் கண்டவுடன் பலர் சிறு ரேடியேட்டர் ஒழுகுகின்றதென முடிவு கட்டுவர். முன்னே கூறிய கம்பிவலை வழியாக மழைநீரும் புகுமாதலின் அதனை வெளியேற்ற ஓர் இறப்பர் குழாய் உண்டு. உதிர்ந்த இலைகள் அதனை அடைத்தால் நீர் உள்ளே வழிந்து தகட்டையும் துருப்பிடிக்கச் செய்யும். மழைக்குப் பின் தோன்றும் தெளிந்த நீர் அக்குழாயின் அடைப்பைக் காட்டும். இனிய மணமும் வழுவழுப்பும் உடையதாய், கண்ணாடியில் எண்ணெய்ப் பசை போற் படிவதாயின் அது ரேடியேட்டர் நீரே. உறையாமைக்காக அதிற் கலக்கப்படும் கிளைக்கோல் நஞ்சு. குழந்தைகளும் நாய்களும் அணுகும் இடத்தில் அதனைச் சிந்தவிடலாகாது.

இவையெல்லாம் வசதிக் குறைவுகள். உயிருக்கே கேடு செய்யும் குறை ஒன்றுண்டு. கூரையை மூடிப் பின்சன்னலை மாத்திரம் திறந்து ஓடும்போது, வண்டியின் பின்னே காற்றழுத்தம் குறைந்து, புகைக்குழாயிலிருந்து வெளிவரும் வாயு உள்ளே இழுக்கப்படுகின்றது. சாமான் பெட்டி மூடியின் இறப்பர் ஓரம் காய்ந்து வெடித்திருந்தாலும், எஞ்சின் அறைச் சுவரில் மின்கம்பிகள் செல்லும் துளைகளின் இறப்பர் வளையங்கள் விழுந்துபோயிருந்தாலும் இதுவே நேரும். அவ்வாயுவிலுள்ள காபன் மொனொக்சைட்டு நிறமும் மணமும் அற்றது. இரத்தத்தின் செந்நிறப் பொருளோடு ஒட்சிசனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேலான பற்றுடன் சேர்வது. நீண்ட பயணத்தில் தலைவலியும் மயக்கமும் தோன்றினால் அதனைக் களைப்பென்று தள்ளிவிடாது வண்டியை நிறுத்தி வெளியே வருதல் வேண்டும்.

துளைகளைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. இரவிலே எஞ்சின் அறைக்குள் ஒரு மின்விளக்கை ஏற்றி வைத்து, மூடியை இறக்கிவிட்டு, இருளில் ஆசனத்தின் கீழ்ப்புறமாகக் குனிந்து முன்சுவரைப் பார்க்கவேண்டும். ஒளி தெரியும் இடமெல்லாம் வாயு புகும் இடம். பின்னர் விளக்கைச் சாமான் பெட்டிக்குள் வைத்து, ஆசனங்களின் பின்புறத்தையும் அவ்வாறே பார்க்கவேண்டும்.