பெனிசிலின் கிடைத்தது, ஆனால் போதவில்லை

இன்னைக்கு ஒரு போலீஸ்காரர்கிட்ட இருந்து ஆரம்பிக்கிறேன். பெயர் ஆல்பர்ட் அலெக்ஸாண்டர். முகத்தில் பட்ட காயம் சீழ் பிடித்து, ஒரு கண்ணையே எடுத்த நிலையில் ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவமனையில் படுத்திருந்தார். 1941 பிப்ரவரியில் அவருக்குப் பெனிசிலின் ஊசி போட்டார்கள். காய்ச்சல் இறங்கியது, பசி எடுத்தது. சில நாளில் மருந்து தீர்ந்துவிட்டது. அவருடைய சிறுநீரில் வெளியேறிய பெனிசிலினைப் பிரித்தெடுத்து மறுபடி அவருக்கே போட்டார்கள். அதுவும் போதவில்லை. மார்ச் 15 அன்று இறந்துபோனார்.

ஃப்ளெமிங் பெனிசிலினைக் கண்டுபிடித்தது 1928-ல். பள்ளிக்கூடத்தில் கதை அங்கேயே முடிந்துவிடும். ஆனா பாருங்க, 13 வருஷம் கழித்தும் ஒரே ஒரு ஆளைக் காப்பாற்றும் அளவுக்கு மருந்து இல்லை. எனக்கு அந்தப் பூசணம் பிடித்த தட்டைவிட இந்த இடைவெளிதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஏன் இல்லை? பூஞ்சை தனக்குத் தேவையான அளவுக்குத்தான் பெனிசிலின் செய்யும். நம்ம ஆஸ்பத்திரிக்காக அது வேலை பார்க்கவில்லை. போதாததுக்கு, ஆக்ஸ்ஃபோர்டில் வளர்த்த ரகம் திரவத்தின் மேல் ஆடை மாதிரி படர்ந்துதான் நன்றாக வளரும். நார்மன் ஹீட்லி என்பவர் இதற்காகவே, படுக்கை நோயாளிகளுக்கு வைக்கும் பெட்பேன் வடிவத்தில் பீங்கான் பாத்திரங்கள் செய்யச் சொன்னார். வரிசையாக நூற்றுக்கணக்கான பாத்திரம், கிடைப்பதோ துளியூண்டு மருந்து.

1941 ஜூலையில் ஃப்ளோரியும் ஹீட்லியும் அமெரிக்கா போனார்கள். இலினாய் மாநிலத்துப் பியோரியா நகரில் விவசாயத் துறையின் ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தது. அங்கே மக்காச்சோளத்தில் இருந்து ஸ்டார்ச் எடுக்கும்போது மிஞ்சுகிற ஊறல் தண்ணீர் ஏராளம். அதை வளர்ப்புத் திரவத்தில் கலந்ததும் விளைச்சல் பல மடங்கு ஏறியது. கூடவே குளுக்கோசுக்குப் பதில் பால் சர்க்கரை. காரணம் சுவாரசியமானது: எளிதான சர்க்கரை தாராளமாக இருக்கும்வரை பூஞ்சை வளர்வதிலேயே குறியாக இருக்கும், பெனிசிலின் வேலை அடங்கியே கிடக்கும். பால் சர்க்கரையை அது மெதுவாகத்தான் தின்ன முடியும். அந்த அரைப்பட்டினியில்தான் மருந்து வருகிறது. இப்போது குளுக்கோசையே சொட்டுச் சொட்டாக விட்டு அதே நிலைமையைக் கொண்டுவருகிறார்கள்.

சாப்பாடு சரி. ஆளையும் மாற்ற வேண்டாமா? பல நாட்டு மண்ணை வரவழைத்துத் தேடினார்கள். கடைசியில் 1943-ல் மாட்டியது பியோரியாச் சந்தையில் கிடைத்த, பூசணம் பிடித்த ஒரு முலாம்பழம்! அந்த ரகம் திரவத்துக்குள் மூழ்கியும் நன்றாக வளர்ந்தது. பழத்தைக் கொண்டுவந்தது யார் என்பதற்கு இரண்டு மூன்று கதை உண்டு, விடுங்க.

அடுத்து நடந்தது கொஞ்சம் முரட்டு வைத்தியம். அதன் வித்துகள் மேல் எக்ஸ்-கதிரைப் பாய்ச்சினார்கள். பெரும்பாலானவை செத்துவிடும். பிழைத்தவற்றிலும் முக்கால்வாசி முன்பைவிட மோசமாகவே இருக்கும். எங்கே எது மாறும் என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொன்றையும் தனியாக வளர்த்து அளந்து பார்க்க வேண்டியதுதான். அப்படிச் சலித்ததில் எக்ஸ்-1612 கிடைத்தது. அதன் மேல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சிக் க்யூ-176-ஐ எடுத்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு மில்லிலிட்டருக்கு ஒன்றிரண்டு யூனிட் வந்த இடத்தில், இதில் கிட்டத்தட்ட 900. ஒரு குறை, மருந்தோடு மஞ்சள் நிறமும் சேர்ந்து வரும், அதைப் பிரிப்பது பெரும்பாடு. அதனால் விளைச்சல் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்று நிறமில்லாத ஒரு வாரிசைத் தேர்ந்தெடுத்து, அதில் இருந்து மறுபடி ஏறத் தொடங்கினார்கள்.

தொட்டியைப் பற்றியும் சொல்லணும். 1944-ல் ஃபைசர் நிறுவனம் புரூக்ளினில் பழைய ஐஸ் ஃபேக்டரி ஒன்றில் 14 தொட்டிகள் வைத்தது, ஒவ்வொன்றும் சுமார் 28,000 லிட்டர். வீட்டில் இட்லி மாவை மூடி வைத்தால் தானாகப் பொங்கும். இந்தப் பூஞ்சைக்கு அது நடக்காது, காற்று இல்லாவிட்டால் செத்துவிடும். அதனால் கிருமி நீக்கிய காற்றை அடியில் இருந்து ஓயாமல் செலுத்த வேண்டும். கூழ் மாதிரி கெட்டியான திரவத்தைக் கலக்க வேண்டும், சூட்டைத் தணிக்க வேண்டும், நுரையை அடக்க வேண்டும். பெனிசிலினையே உடைக்கிற பாக்டீரியா கொஞ்சம் உள்ளே புகுந்தாலும் மொத்தத் தொட்டியும் போச்சு.

பல வருஷம் கழித்து இந்த ஆலை ரகங்களின் மரபணுவைப் படித்தபோதுதான் உள்ளே நடந்தது தெரிந்தது. முலாம்பழப் பூஞ்சையில் பெனிசிலின் மரபணுத் தொகுப்பு ஒன்றே ஒன்று. பல ஆலை ரகங்களில் அதே தொகுப்பு பல பிரதிகளாகப் பெருகியிருந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு சலித்தவர்கள் தெரியாமலே இதைத்தான் பொறுக்கியிருக்கிறார்கள். ஆனா அப்படியே விட்டால் சில தலைமுறையில் பிரதிகளை உதறிவிடும். அதனால் நல்ல ரகத்தை உறைநிலையில் பூட்டி வைப்பார்கள்.

உங்க வீட்டு மருந்து டப்பாவில் இருக்கிற அமாக்சிசிலினும் பெரும்பாலும் இந்தத் தொட்டியில் ஊறும் பெனிசிலின்-ஜி-யில் இருந்துதான் தொடங்குகிறது. இந்தியா 1950-களிலேயே புனே பக்கத்துப் பிம்ப்ரியில் அரசு ஆலை கட்டி இதைத் தயாரித்தது. பிறகு சீன விலையோடு போட்டி போட முடியாமல் தொட்டிகள் நின்றன. மாத்திரையை நாமே செய்தோம், உள்ளே போகும் சரக்கைப் பெரும்பாலும் இறக்குமதி செய்தோம். 2024-ல் காக்கிநாடா பக்கம் ஒரு தனியார் ஆலை மறுபடி தொட்டிகளை ஓட்ட ஆரம்பித்திருக்கிறது. அதே சீன விலை அதற்கும் காத்திருக்கிறது.